மோடம் பக்கம் திறக்கவில்லை: ஓஎன்டி பிரிட்ஜ் மோடில், பின்னால் பிஎஃப்சென்ஸ்

குமரிமழை
எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் வீட்டு ஃபைபர் இணைப்பு. ஓஎன்டியை (ஃபைபர் வந்து சேரும் மோடம் பெட்டி) பிரிட்ஜ் மோடில், அதாவது தானே ரவுட்டராக இல்லாமல் இணைப்பை அப்படியே கடத்திவிடும் முறையில் போட்டு, நாலு போர்ட் உள்ள ஒரு மினி பிசியில் பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை ஏற்றி வைத்திருக்கிறேன். பிபிபிஓஇ (கம்பெனியோடு உள்நுழைந்து இணையும் முறை) பயனர்பெயர், கடவுச்சொல் எல்லாம் அதில்தான். எட்டு மாதமாக நன்றாக ஓடுகிறது, மழை பெய்யாத வரை.

மழை வந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துண்டிக்கிறது. லைன்மேன் வருவதற்குள் வெயில் வந்துவிடுகிறது. "எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மழை நேரத்தில் ஓஎன்டிக்கு எவ்வளவு ஒளி வருகிறது என்ற எண்ணை நானே பார்த்து, படம் எடுத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். ஓஎன்டியின் பக்கம் 192.168.1.1 என்று அடியில் ஒட்டிய தாளில் இருக்கிறது. ஆனால் அதை அடித்தால் பிஎஃப்சென்ஸின் லாகின் பக்கம்தான் வருகிறது! ஃபயர்வால் தடுக்கிறது என்று நினைத்து லேன் (வீட்டு நெட்வொர்க்) பக்கம் அனுமதி விதி போட்டேன். பிரயோஜனம் இல்லை. என்ன செய்யலாம்?

அவசரக்காரன்
லேப்டாப்பை நேராக ஓஎன்டியில் சொருகிப் பாருங்கள். ரெண்டு நிமிட வேலை. இதற்கு ஒரு இழையா?

குமரிமழை
அதையும் செய்தேன், பக்கம் வந்தது. ஆனால் ஃபயர்வாலின் கேபிளைக் கழற்றினால் வீடு முழுக்க நெட் போய்விடும். மனைவி வீட்டிலிருந்து வேலை. மழை பெய்யும்போதெல்லாம் கழற்றினால் என்னையும் சேர்த்துக் கழற்றிவிடுவார்.

பழைய_வயர்
முதலில் அந்த அனுமதி விதியை எடுத்துவிடுங்கள் தம்பி. பிஎஃப்சென்ஸில் லேனிலிருந்து வெளியே போக எதையும் விடு என்ற விதி ஆரம்பத்திலேயே இருக்கும். உங்கள் ஃபயர்வால் எதையும் தடுக்கவில்லை. பாவம், அதற்கு மோடம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

உங்களுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சிக்கல் இருக்கும் என்று படுகிறது.

முதலாவது, பிஎஃப்சென்ஸ் நிறுவியதும் லேனுக்குத் தானாகக் கொடுக்கிற முகவரி 192.168.1.1. ஓபிஎன்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வாலும் அப்படித்தான். உங்கள் ஓஎன்டிக்கும் அதே முகவரி. ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. உங்கள் கணினி பக்கத்து வீட்டைத்தான் தட்டும். அதனால் லேனை 192.168.10.0 மாதிரி வேறு எண்ணுக்கு மாற்றியே ஆக வேண்டும். ஓஎன்டியின் முகவரியை மாற்றலாமே என்று தோன்றும், வேண்டாம். அது கம்பெனிக்காரர் தூரத்திலிருந்து அமைப்பை அனுப்புகிற பெட்டி. ஒருநாள் ரீசெட் ஆகிப் பழைய எண்ணுக்கே போய் நிற்கும்.

இரண்டாவது, லேனை மாற்றினாலும் உடனே பக்கம் வராது. மாற்றிய பிறகு கணினியிலிருந்து 192.168.1.1க்கு ஒரு டிரேஸ்ரூட் (பாக்கெட் போகிற வழியைக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். ஃபயர்வாலுக்கு அந்த முகவரி தெரியாது. தெரியாததை எல்லாம் டீஃபால்ட் வழியில், அதாவது பிபிபிஓஇ சுரங்கத்துக்குள் தள்ளிவிடும். அந்தப் பாக்கெட் மோடத்துக்கு உள்ளேயே புகுந்து, மோடம் பிரித்துக்கூடப் பார்க்காமல், கம்பெனியின் சர்வருக்குப் போய் அங்கே செத்துப்போகும். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற தாத்தாவைத் தேடி அவர் முன்னாலேயே பஸ் ஏறிப் போன கதை.

ஆகவே மோடம் இருக்கிற அதே கம்பியில் ஃபயர்வாலுக்கு இன்னொரு முகவரி வேண்டும். பிபிபிஓஇ எந்த நெட்வொர்க் போர்ட்டின் மேல் ஓடுகிறதோ, அந்த வெறும் போர்ட்டை இன்டர்ஃபேஸ் அசைன்மென்ட்ஸ் பக்கத்தில் தனி இன்டர்ஃபேஸாகச் சேருங்கள். பெயர் மோடம் என்று வையுங்கள். நிலையான முகவரி 192.168.1.2, அளவு /24 (192.168.1 என்று தொடங்கும் வரிசை முழுவதும்). கேட்வே என்ற இடத்தில் ஒன்றும் போடாதீர்கள். போட்டால் பிஎஃப்சென்ஸ் அதை இன்னொரு இணைய இணைப்பு என்று நினைத்துக்கொண்டு குழப்படி பண்ணும்.

ஒரே கம்பியில் பிபிபிஓஇயும் சாதாரண ஐபியும் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். இரண்டும் வேறு வேறு ஈதர்நெட் வகை எண் உள்ள ஃபிரேம்கள். ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது.

மூன்றாவதில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். கேள்வி மோடத்துக்குப் போய்விடும், பதில் திரும்பி வராது. 192.168.10.25லிருந்து கேள்வி வந்தால், பிரிட்ஜ் மோடில் இருக்கிற மோடத்துக்கு அந்த எண் எந்த ஊர் என்று தெரியாது. அதற்கு 192.168.1 தெரியும், அவ்வளவுதான். பதிலை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் கீழே போட்டுவிடும். அதனால் ஃபயர்வால் தன் 192.168.1.2 முகவரியைப் போட்டுக்கொண்டு, "நான்தான் கேட்கிறேன்" என்று கேட்க வேண்டும். இப்படி மூல முகவரியை மாற்றுவதற்குப் பெயர்தான் நாட். அவுட்பவுண்ட் நாட் பக்கத்தில் ஹைப்ரிட் முறைக்கு (தானாகப் போட்ட விதிகளோடு நாம் போடுவதும் சேரும்) மாறி ஒரு விதி: இன்டர்ஃபேஸ் மோடம், மூலம் உங்கள் லேன், இலக்கு 192.168.1.0/24, மாற்றும் முகவரி அந்த இன்டர்ஃபேஸின் முகவரி. கேட்வே இல்லாத இன்டர்ஃபேஸுக்கு பிஎஃப்சென்ஸ் தானாக நாட் போடாது. நாம்தான் போட வேண்டும்.

டிக்டிக்
மைக்ரோடிக் ரவுட்டர் என்றால் ரெண்டே வரி. மோடம் சொருகிய போர்ட்டுக்கு 192.168.1.2/24 கொடு, அந்தப் போர்ட் வழியாக வெளியே போவதற்கு மாஸ்கரேட் (அதே நாட்தான்) போடு. பலர் பிபிபிஓஇ இன்டர்ஃபேஸுக்கு மட்டும் மாஸ்கரேட் போட்டிருப்பார்கள், அதனால்தான் வராது. வான் (வெளி இணையப் பக்கம்) பட்டியலில் அந்த ஈதர் போர்ட்டும் இருந்தால் முகவரி மட்டும் கொடுத்தாலே போதும். சும்மா சொன்னேன், பிஎஃப்சென்ஸ் ஆட்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பழைய_வயர்
மூன்று வரி ஆகிவிட்டதே ஐயா.

வடமராட்சியான்
நான் ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட றவுட்டர் பாவிக்கிறன். அதிலும் இதே கதைதான். வான் இருக்கிற அதே டிவைஸில் மோடம் என்று இன்னொரு இன்டர்ஃபேஸ், ஸ்டாட்டிக், 192.168.1.2. பிறகு அதை ஃபயர்வால் பகுதியில் வான் சோனுக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டும். அந்த சோனில் மாஸ்கரேடிங் ஏற்கெனவே போட்டிருக்கும், தனியாக நாட் எழுதத் தேவையில்லை. நான் முதலில் லேன் சோனில் சேர்த்துவிட்டு இரண்டு நாள் மண்டையை உடைத்தேன்.

கடல்தாண்டி
எனக்கு ஒன்று புரியவில்லை. நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். கேபிள் மோடம், பின்னால் இதே பிஎஃப்சென்ஸ். 192.168.100.1 என்று அடித்தால் மோடம் பக்கம் தானாக வருகிறது. இன்டர்ஃபேஸும் சேர்க்கவில்லை, நாட் விதியும் எழுதவில்லை. நீங்கள் எல்லாரும் எதற்கு இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்?

பழைய_வயர்
உங்களுக்கு பிபிபிஓஇ இல்லை, அதனால்தான். உங்கள் வான் டிஎச்சிபியில் (முகவரி தானாகக் கிடைக்கும் முறை) நேராக ஈதர்நெட் மேலேயே ஓடுகிறது. ஃபயர்வால் 192.168.100.1ஐத் தெரியாத முகவரி என்று வெளியே தள்ளுகிறது, சுரங்கம் இல்லாததால் பாக்கெட் மோடத்தின் கண்ணெதிரே போகிறது. கேபிள் மோடம் தன் முகவரிக்கு வருவதை வழியிலேயே பிடித்து பதில் சொல்லும். வானுக்கு நாட் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று சிக்கலும் உங்களுக்குத் தானாகத் தீர்ந்துவிட்டன. கொடுத்து வைத்தவர்.

உங்களுக்கும் ஒரு தலைவலி உண்டு. கேபிள் சிக்னல் போனால் சில மோடம்கள் தாங்களே டிஎச்சிபி சர்வராக மாறி 192.168.100.x முகவரி ஒன்றைக் கொடுக்கும். சிக்னல் திரும்பி வந்த பிறகும் ஃபயர்வால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வான் அமைப்பில் இந்த முகவரியிலிருந்து வரும் லீஸை (டிஎச்சிபி கொடுக்கும் முகவரியை) ஏற்காதே என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் 192.168.100.1 போட்டு வையுங்கள்.

கடல்தாண்டி
போன மாதம் நடந்தது இதுதானா! ஃபயர்வாலை அணைத்துப் போட்டால்தான் சரியாகும். நன்றி.

குமரிமழை
லேனை 192.168.10.0க்கு மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பிரிண்டர் காணாமல் போய்விட்டது. சிசிடிவி டிவிஆருக்கு 192.168.1.108 என்று கையால் போட்டிருந்தேன், அதுவும் போய்விட்டது. லேப்டாப்புக்குப் பழைய வரிசையில் ஒரு முகவரி கொடுத்து, டிவிஆரை மீட்டேன். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

மோடம் இன்டர்ஃபேஸும் நாட் விதியும் போட்டாயிற்று. இன்னும் வரவில்லை. முன்பு பிஎஃப்சென்ஸ் பக்கமாவது வந்தது. இப்போது வெறும் சக்கரம் சுற்றுகிறது.

டிக்டிக்
லேனை மாற்றும்போது கையால் முகவரி போட்டவற்றையெல்லாம் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சரி, இப்போது சொல்லி என்ன.

பழைய_வயர்
கணினியை மறந்துவிடுங்கள். பிஎஃப்சென்ஸுக்கு உள்ளேயே டயக்னாஸ்டிக்ஸில் பிங் இருக்கிறது. மூல முகவரியாக மோடம் இன்டர்ஃபேஸைத் தேர்ந்து 192.168.1.1ஐ பிங் செய்யுங்கள். அங்கிருந்து பதில் வந்து, கணினியிலிருந்து வரவில்லை என்றால் நாட் தப்பு. அங்கிருந்தே வரவில்லை என்றால் நாட்டைத் தொட வேண்டாம், கம்பிப் பக்கம் கோளாறு.

குமரிமழை
அங்கிருந்தும் பதில் இல்லை.

பழைய_வயர்
அப்படியானால் அதே இன்டர்ஃபேஸில் பாக்கெட் கேப்ச்சர் ஓடவிட்டு மறுபடி பிங் செய்யுங்கள். என்ன தெரிகிறது என்று அப்படியே எழுதுங்கள்.

குமரிமழை
ஏஆர்பி (ஒரு முகவரி எந்தக் கருவியிடம் இருக்கிறது என்று கம்பியில் கேட்பது) கேள்வி மட்டும்தான் வரிசையாகப் போகிறது. "192.168.1.1 யார்? 192.168.1.2க்குச் சொல்" என்ற பொருளில். பதில் ஒன்றும் இல்லை. முப்பது நாற்பது தடவை கேட்டுவிட்டது பாவம்.

பழைய_வயர்
நல்லது. இப்போது வெளிச்சமாகிவிட்டது. முகவரி தப்பாக இருக்கலாம், இல்லையென்றால் உங்கள் ஓஎன்டி அந்தப் போர்ட்டில் பேசுவதில்லை. அடியில் இருக்கிற தாளை நம்பாதீர்கள். லேப்டாப்பை நேராகச் சொருகியபோது பக்கம் வந்தது என்றீர்களே, எந்தப் போர்ட்டில் சொருகினீர்கள்?

குமரிமழை
லேன் 2. லேன் 1 ஃபயர்வால் கேபிளுக்கு உரியது... ஓ.

வடமராட்சியான்
ஓம், அதுதான். சில ஓஎன்டியில் பிரிட்ஜ் போடும்போது லேன் 1ஐ அப்படியே இணைய விலேனோடு (இணையத்துக்கு என்று பிரித்த தனித் தடம்) கட்டிவிடுவார்கள். பிறகு அந்தப் போர்ட் வெறும் குழாய். பக்கம் காட்டுகிற சின்ன வெப் சர்வர் மற்றப் போர்ட்டுகளில் மட்டும்தான் இருக்கும்.

பழைய_வயர்
அதேதான். பழைய டிஎஸ்எல் மோடத்தில் இந்தத் தொந்தரவு கிடையாது, ஒரே போர்ட்டில் இரண்டும் வரும். உங்கள் மினி பிசியில் நாலு போர்ட் இருக்கிறதே, ஒன்று சும்மா இருந்தால் இன்னொரு கேபிள் எடுத்து ஓஎன்டியின் லேன் 2இலிருந்து அதற்கு இழுங்கள். மோடம் இன்டர்ஃபேஸை வான் போர்ட்டிலிருந்து எடுத்து இந்தப் புதுப் போர்ட்டுக்கு மாற்றுங்கள். முகவரி, நாட் விதி எல்லாம் அப்படியே இருக்கட்டும். இரண்டு போர்ட்டிலும் ஒரே 192.168.1 வரிசையை வைத்துவிடாதீர்கள், எதில் அனுப்புவது என்று ஃபயர்வாலுக்குக் குழப்பம் வரும்.

அவசரக்காரன்
லேன் 2இலிருந்து ஒரு கேபிளை நேராக வீட்டு ஸ்விட்ச்சில் சொருகினால் போதுமே. எதற்கு ஃபயர்வால் வழியாக?

டிக்டிக்
ஐயோ வேண்டாம். இதை நான் செய்திருக்கிறேன். ஓஎன்டிக்குள்ளும் ஒரு டிஎச்சிபி சர்வர் இருக்கும். வீட்டில் பாதிக் கருவிக்கு ஃபயர்வால் முகவரி கொடுத்தது, பாதிக்கு ஓஎன்டி கொடுத்தது. ஓஎன்டி கொடுத்த முகவரி வாங்கியவற்றுக்கு நெட் இல்லை. டிவி ஓடும், போன் ஓடாது; அடுத்த நாள் போன் ஓடும், டிவி ஓடாது. வைஃபையைக் குற்றம் சொல்லிப் புது ஆக்சஸ் பாயின்ட் ஒன்று வாங்கினேன். மூன்றாம் வாரம்தான் அந்தக் கேபிள் கண்ணில் பட்டது. ஆக்சஸ் பாயின்ட் இன்னும் அலமாரியில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?

பூட்டுச்சாவி
நடுவில் வருகிறேன். வழி திறப்பது சரி, எல்லாருக்கும் திறக்காதீர்கள். மோடத்தின் பக்கம் என்பது பழைய மென்பொருள், எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல். வீட்டுக்குள் இருந்துதானே பார்க்கிறோம் என்று விட்டுவிட முடியாது. 2020 ஜனவரியில் டென்மார்க் ஆய்வாளர்கள் கேபிள் ஹாண்ட் என்று பெயரிட்டு ஒரு ஓட்டையை வெளியிட்டார்கள். பிராட்காம் சில்லு உள்ள கேபிள் மோடம்களில், உள்பக்கம் மட்டும் தெரிகிற ஸ்பெக்ட்ரம் அனலைசர் (கேபிள் சிக்னலை அளந்து காட்டும் பகுதி) வழியாக மோடத்தையே கைப்பற்றலாம். தாக்குபவன் வீட்டுக்குள் வரத் தேவையில்லை. நீங்கள் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தால் போதும், உங்கள் பிரவுசரே அவனுக்காக மோடத்தோடு பேசிவிடும்.

அதனால் லேன் விதிகளில் மேலே இரண்டு போடுங்கள். என் கணினியிலிருந்து 192.168.1.1க்கு அனுமதி. அதற்குக் கீழே, மற்ற யாரிடமிருந்தும் 192.168.1.0/24க்கு தடை. வரிசை முக்கியம், பிஎஃப்சென்ஸ் மேலிருந்து கீழே படித்து முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். டிவி, சிசிடிவி, விருந்தாளி வைஃபை, இவற்றுக்கு மோடத்திடம் என்ன பேச்சு?

குமரிமழை
சரிங்க, செய்கிறேன். இன்னொன்று: நான் ஆபீசில் இருக்கும்போது இங்கே மழை பெய்தால்? வான் பக்கம் ஒரு போர்ட் ஃபார்வர்ட் போட்டு வெளியிலிருந்து பார்க்கலாமா?

பூட்டுச்சாவி
கூடவே கூடாது. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்சு டெலிகாம் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேரின் ரவுட்டர்கள் ஒரே நேரத்தில் முடங்கின. காரணம், தூரத்திலிருந்து நிர்வகிக்கப் பயன்படும் 7547 போர்ட் வெளியே திறந்திருந்தது, மிராய் வகைப் புழு அதைத் தட்டியது. அந்த ரவுட்டர்களுக்குள் அதனால் புகமுடியவில்லை, தட்டிய தட்டிலேயே அவை விழுந்துவிட்டன. உங்கள் ஓஎன்டியின் பக்கம் எத்தனை தட்டைத் தாங்கும் என்று சோதித்துப் பார்க்க வேண்டுமா?

வயர்கார்ட் என்ற விபிஎன் போடுங்கள். ஃபயர்வாலில் ஒரு முனை, கைபேசியில் ஒரு முனை. கைபேசியின் அனுமதி முகவரிப் பட்டியலில் 192.168.1.1/32 என்று அந்த ஒரே ஒரு முகவரியை மட்டும் சேருங்கள். முழு /24 போடாதீர்கள், நீங்கள் இருக்கும் இடத்து வைஃபையும் 192.168.1 வரிசையாக இருந்தால் மோதும். ஒற்றை முகவரி என்றால் குறிப்பான வழி என்று அதுவே ஜெயிக்கும், அந்த வைஃபையின் ரவுட்டரே 192.168.1.1 ஆக இருந்தால் மட்டும் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள். அப்புறம் அவுட்பவுண்ட் நாட் விதியின் மூலத்தில் வயர்கார்ட் வரிசையையும் சேர்க்க வேண்டும். அதை மறந்தால் மறுபடி பதில் திரும்பாத கதைதான்.

கடல்தாண்டி
வானில் 100.64 என்று தொடங்கும் முகவரி வந்தால் வெளியிலிருந்து வயர்கார்டும் வராது. அது கம்பெனியே நாட் செய்கிற வரிசை, 100.64.0.0/10. அப்போது ஐபிவி6 இருந்தால் அதில் போகலாம், இல்லையென்றால் டெயில்ஸ்கேல் மாதிரி உள்ளிருந்து வெளியே பிடிக்கிற ஏற்பாடு.

வடமராட்சியான்
எல்லாம் சரி, லைன் விழுந்த நேரத்தில்தானே மோடத்தைப் பார்க்கவேண்டும்? அப்போது வயர்கார்ட் எந்த வழியால் வரும்?

பூட்டுச்சாவி
...

டிக்டிக்
சாவியைப் பூட்டிவிட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்.

பழைய_வயர்
விழுந்த நேரத்தில் பார்க்க முடியாது, உண்மை. விழுவதற்கு முன்னால் எண் எப்படி இறங்குகிறது என்று பார்க்கலாம், அது போதும். குமரிமழை, கேபிள் இழுத்தீர்களா?

குமரிமழை
இழுத்தேன். பக்கம் வந்துவிட்டது!!! ஃபயர்வாலிலிருந்து பிங் ஒரே அடியில் பதில் தந்தது. கணினியில் மட்டும் முதலில் வரவில்லை, பிரவுசர் தானாக எச்டிடிபிஎஸ் என்று மாற்றிக்கொண்டு நின்றது. முன்னால் எச்டிடிபி என்று முழுதாக அடித்ததும் திறந்தது.

ஆப்டிகல் பக்கத்தில் வருகிற ஒளி மைனஸ் 24.1 டிபிஎம் என்று காட்டுகிறது. இப்போது வெயில். இது நல்லதா கெட்டதா?

பழைய_வயர்
ஓடும், ஆனால் விளிம்பில் ஓடுகிறது. டிபிஎம் என்பது ஒளியின் அளவு, மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. ஜிபான் (வீட்டு ஃபைபர் தரநிலை) பி+ வகை ஓஎன்டி மைனஸ் 27 வரை தாங்கும் என்பது தரநிலை. 3 டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். உங்களுக்கு இருக்கிற இடைவெளி அந்த ஒரு பாதிதான். கண்ணாடி இழைக்கு மழை ஒன்றும் செய்யாது, கம்பத்து ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினாலோ, நனைந்து கனத்த கேபிள் தொங்கி மடங்கினாலோதான் இப்படி ஆகும். மழையில் எண் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

குமரிமழை
நேற்று மாலை நல்ல மழை. ஆறு மணிக்கு மைனஸ் 25.3. ஆறு இருபதுக்கு 26.8. ஆறரைக்கு 28.2 என்று காட்டிவிட்டுச் சிவப்பு விளக்கு எரிந்தது. படங்களை எல்லாம் நேரத்தோடு லைன்மேனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இன்று காலை அவரே ஏணியோடு வந்தார். மூன்றாவது கம்பத்தில் பெட்டி மூடி உடைந்து உள்ளே எறும்புக்கூடு. கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டார்.

இப்போது மைனஸ் 20.6. "இந்த நம்பரை எங்க பாத்தீங்க சார், எங்க ஆபீஸ்லயே கேட்டாத்தான் சொல்லுவாங்க" என்று என்னிடம் கேட்டார்.

அவசரக்காரன்
சரி சரி, இழை தேவைதான். எனக்கும் ஒரு சந்தேகம். எனக்கு இரண்டு இணைப்பு, இரண்டு மோடமும் 192.168.1.1. நீங்கள் சொன்னதை எதற்குச் செய்வது?

பழைய_வயர்
இரண்டில் எது உங்கள் சொந்த மோடமோ, அதை நேராக லேப்டாப்பில் சொருகி 192.168.2.1 ஆக்குங்கள். ஆம், லேப்டாப்பை நேராகச் சொருகித்தான்.